ஒரு வருஷ வேலை: ஓமானா, கென்யாவா?

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு தடவையாவது வந்து போன சகோதரிகளுக்கு எங்கள் ஊர் ரிக் வண்டிகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். திருச்செங்கோட்டு மலைமேலே அர்த்தநாரீசுவரர். மலைக்குக் கீழே, பார்க்கிற இடமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகள். துளை போடும் லாரி ஒன்று, ராடும் டீசலும் சுமந்துகொண்டு கூடவே போகும் சப்போர்ட் லாரி ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ஒரு செட். டிரில்லர், டிரைவர், ஹெல்பர், சமையல்காரர் என்று ஒரு பட்டாளமே அதில் ஏறிக்கொண்டு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று கிளம்பினால், வீடு திரும்ப மாசக்கணக்காகும்.

இப்படி இந்தியாவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ரிக்குகள், கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போக ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகின்றன. ரிக் போனால் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் போகத்தானே வேண்டும்? இன்னொரு பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்தும் அழைப்பு வருகிறது. இதனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்து சேர்ந்திருக்கிறது. 'போகலாமா, வேண்டாமா' என்பது பழைய கேள்வி. 'ஒரே ஒரு வருஷம்தான், ஆனால் எந்த நாட்டுக்கு?' என்பது புதுக் கேள்வி.

ரிக் வேலை என்றில்லை. வெல்டர், டிரைவர், நர்ஸ், சமையல்காரர், மெக்கானிக் என்று எந்த வேலைக்கு யார் கிளம்பினாலும் இந்தக் கேள்வி ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் நாங்கள் அலசிப் பார்த்த விதம் மற்றவர்களுக்கும் உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

கையில் இரண்டு அழைப்பு

என் தம்பி பத்து வருஷமாக ரிக்கில் டிரில்லர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். தொழிலில் கெட்டிக்காரன். மனைவி பன்னிரண்டாவது வரை படித்த பெண். கையில் எட்டு மாசக் குழந்தை. வீடு கட்டிய கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம் இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்தன.

ஒன்று ஓமான். ஒரு ஏஜெண்டு மூலமாக வந்தது. மாசம் 170 ரியால், தங்க இடம் உண்டு, சாப்பாடு நம் செலவு. இன்னொன்று கென்யா. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே ரிக் இறக்கியிருந்தார். மாசம் 50 ஆயிரம் ரூபாய், சாப்பாடும் தங்க இடமும் அவர் பொறுப்பு, பாதிச் சம்பளம் இங்கேயே மனைவி கணக்கில் போட்டுவிடுவதாகப் பேச்சு.

தம்பிக்கு மனசெல்லாம் ஓமானில்தான். "கல்ஃபுன்னாத்தான் அக்கா நாலு பேர் மதிக்கறாங்க" என்றான். அம்மாவுக்கோ ஆப்பிரிக்கா என்றதுமே கை நடுங்கியது. "அங்க சிங்கமெல்லாம் இருக்குமாமே சாமி" என்று கண்ணைக் கசக்கினார். தம்பி மனைவி மட்டும் ஒன்றும் பேசாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுப்பங்கரைக் கணக்கு

ஒரு ரியால் என்றால் நம் காசுக்கு 200 ரூபாய்க்கு மேல். 170 ரியால் என்றதும் மலைப்பாகத்தான் இருக்கிறது. பெருக்கினால் ஏறத்தாழ 37 ஆயிரம். ஆனால் ஏஜெண்டு கேட்டது ஒன்றரை லட்சம். அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாசம் 12,500 ரூபாய். 37 ஆயிரத்தில் இது போனால் மிச்சம் 24,500. அதிலும் சாப்பாட்டுச் செலவு கழிய வேண்டும். இங்கே ரிக்கில் சாப்பாடு போக அவன் வாங்கிக்கொண்டிருந்ததே 30 ஆயிரம்!

ஐந்து வருஷத்துக்குப் போகிறவருக்கு ஏஜெண்டு செலவு அறுபது மாசத்தில் பரவிவிடும். ஒரு வருஷத்துக்குப் போகிறவருக்குப் பன்னிரண்டே மாசம்தான். குறுகிய காலத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, போவதற்கு முன் கைவிட்டுப் போகும் பணம் எவ்வளவு என்பதைத்தான். சம்பளத் தொகை அதற்கு அப்புறம்.

வரியையும் மறக்கக் கூடாது. ஓமானில் தொழிலாளியின் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. கென்யாவில் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஆகவே 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்காமல், 'பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?' என்று கேட்க வேண்டும். எந்த நாட்டுப் பணத்தில் தருகிறார்கள் என்பதும் முக்கியம். ஓமான் ரியாலை 1986லிருந்து டாலரோடு ஒரே மதிப்பில் கட்டி வைத்திருக்கிறார்கள். கென்யா ஷில்லிங் ஏறும், இறங்கும்.

காகிதம் கேட்கிற நாடு, கேட்காத நாடு

பத்தாவது தேறாதவர்களுக்குப் பொதுவாக 'இ.சி.ஆர்.' என்று போட்ட பாஸ்போர்ட்டு கிடைக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று அர்த்தம். 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வந்த ஏற்பாடு இது. எல்லா நாட்டுக்கும் இல்லை. ஓமான், சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன், எமிரேட்ஸ், மலேசியா உள்பட 18 நாடுகளுக்குத்தான். கென்யா அந்தப் பட்டியலில் இல்லை.

இதைக் கேட்டதும் தம்பியே கட்சி மாறிவிட்டான். "அப்பக் கென்யாதான் சுலுவு, ஒரு பேப்பரும் வேண்டாம்" என்றான். அவசரப்படாதே என்றோம். அரசாங்கம் காகிதம் கேட்பது தொந்தரவுக்காக அல்ல. ஓமானுக்குப் போகிற இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்காரர், வேலை ஒப்பந்தத்தைக் காட்டியாக வேண்டும். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற இன்ஷூரன்ஸும் எடுத்தே ஆகவேண்டும். இரண்டு வருஷத்துக்குப் பிரிமியம் 275 ரூபாய்தான்; விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். பதிவு பெற்ற ஏஜெண்டு 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் வாங்கினால் தப்பு. கென்யாவுக்குப் போகிறவரை இந்த மாதிரி யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. யாரும் கேட்காத இடத்தில் நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து இரண்டு நாடுகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

தம்பி மனைவி இரண்டு காரியம் செய்தாள். முதலாவது, குழந்தை தூங்கின பிறகு செல்போனில் அரசாங்கத்தின் 'இ-மைகிரேட்' தளத்தைத் திறந்து, பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலைப் பார்த்தாள். ஓமானுக்கு அனுப்புவதாகச் சொன்னவர் பெயர் அதில் இல்லை. பதிவெண் கேட்டால் "நாளைக்குத் தர்றேன்" என்றார். அந்த நாளை வரவேயில்லை. அதோடு ஓமான் பேச்சு முடிந்தது.

இரண்டாவது, கென்யா முதலாளியின் ஆள் வீட்டுக்கு வந்து, "முதல்ல விசிட்டர் விசாவுல வரட்டும், பர்மிட்டு அங்க போயிப் பாத்துக்கலாம்" என்றபோது அவள் சொன்ன பதில். "ஏனுங்ணா, விசிட்டர் விசாவுல போறவங்க அங்க வேலை செய்யக் கூடாதுங்களே. பர்மிட்டு வரட்டுங்க. அதுவரைக்கும் இங்கயே ஒரு ரிக்குல ஓட்டட்டுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடைசி வரைக்கும் அந்த வார்த்தையை மாற்றவும் இல்லை.

சுற்றிப் பார்க்கிற விசாவில் போய் வேலை செய்து பிடிபட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல் எல்லாம் வேலைக்குப் போனவர் தலையில்தான். வேலை பர்மிட்டு வர மூன்று மாசமாயிற்று. அந்த மூன்று மாசமும் எங்கள் வீட்டில் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. இருந்தாலும் காகிதம் கையில் வந்த பிறகே விமான டிக்கெட் எடுத்தோம்.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்கவேண்டும்?

இங்கேயே படித்துப் பார்க்கவேண்டியவை இவை: வேலை என்ன, எந்த ஊரில்? ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? வாயால் ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டு, எழுத்தில் இரண்டு வருஷம் போட்டிருந்தால், நடுவில் திரும்புகிறபோது டிக்கெட் செலவு நம் தலையில் விழும். ஓவர்டைம் உண்டா? வாரத்தில் எந்த நாள் லீவு? போக, வர டிக்கெட் யார் பொறுப்பு? உடம்புக்கு முடியாமல் போனால் வைத்தியச் செலவு யாருடையது?

பாஸ்போர்ட்டு இந்திய அரசாங்கத்தின் சொத்து. 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள எந்த நாட்டிலும் சம்மதிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டு, விசா, பர்மிட்டு, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

உடம்பு தாங்குமா?

ஓமானில் கோடை நம் சித்திரை வெயிலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உள்நாட்டுப் பகுதிகளில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அதனால் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாசமும் மதியம் 12.30லிருந்து 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. சிறுநீரகக் கல், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் போகுமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு, அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான் வைத்தியப் பரிசோதனை. காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமி இவற்றையெல்லாம் பார்ப்பார்கள். ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய பிறகு பரிசோதனையில் தவறினால் பணம் திரும்புமா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கென்யா என்றால் ஒரே வெயில் என்று நினைத்திருந்தோம். நைரோபி நகரம் நம் ஏற்காட்டைவிட உயரத்தில், கிட்டத்தட்ட 1,800 மீட்டரில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. நைரோபியில் மலேரியா குறைவு. ஆனால் ரிக் நைரோபியிலேயே நின்றுகொண்டிருக்காதே! மொம்பாசா கடற்கரைப் பக்கமும், விக்டோரியா ஏரிப் பக்கமும் மலேரியா அதிகம். மருந்தில் நனைத்த கொசுவலை, பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை, டாக்டர் சொன்னபடி தடுப்பு மாத்திரை இவை கட்டாயம்.

இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது மஞ்சள் காமாலை அல்ல, கொசுவால் பரவும் வேறு நோய். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்த ஊசிக்கான சான்றிதழை இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையத்திலும், சென்னை, தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகங்களிலும் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

டிரில்லர் வேலைக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. பாறை குடையும்போது எழும் தூள் நுரையீரலில் படிந்தால் பிறகு எடுக்க முடியாது. எந்த நாடானாலும் நல்ல முகமூடியும், காதை அடைக்கிற சாதனமும் தருகிறார்களா என்று கேட்பதில் வெட்கமில்லை.

பெட்டி கட்டும்போது

பெண்களாகிய நமக்குத்தான் இது முழுக்கத் தெரியவேண்டும். நம் குழம்பு மசாலாவில் கசகசா சேர்த்து அரைப்போம். சவூதி, எமிரேட்ஸ் போன்ற வளைகுடா நாடுகளில் கசகசாவைப் போதைப் பொருள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆசையாக அரைத்துக் கொடுத்த பொடியே மகனைச் சிறைக்கு அனுப்பிவிடும்! வளைகுடா எந்த நாட்டுக்கானாலும் கசகசா இல்லாமலே அரைத்துக் கொடுங்கள். இருமல் மருந்து, வலி மாத்திரைகளிலும் சிலவற்றுக்குத் தடை உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மருந்தும் வைக்காதீர்கள்.

கென்யாவுக்கு வேறு விதம். 2017 ஆகஸ்டிலிருந்து அங்கே பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. நாம் ஊறுகாய் பாட்டிலை நாலு பாலிதீன் பைக்குள் சுற்றி வைப்போமே, அது அங்கே கூடாது. நாங்கள் துணிப் பையும் எவர்சில்வர் டப்பாவும் வைத்துக் கட்டினோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓமானில் நம் அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கும். கென்யாவில் 'உகாலி' என்று வெள்ளை மக்காச்சோள மாவில் ஒன்று கிண்டுகிறார்கள். பார்த்தால் நம் களியேதான்! கீரையோடு சாப்பிடுகிறார்கள். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்தி என்றே பேர். 1896லிருந்து 1901 வரை மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து போன தொழிலாளிகள் சுமார் 32 ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே உயிரை விட்டார்களாம். நம்மவர்களின் சப்பாத்தி அந்த நாட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

வீட்டில் இருப்பவளுக்கு

ஒரு வருஷம் என்பது போகிறவருக்கு வேலையில் ஓடிவிடும். வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு ஒவ்வொரு நாளாகத்தான் நகரும். அதனால் புறப்படும் முன்பே சில ஏற்பாடுகள் வேண்டும். கடன் தவணை எந்தக் கணக்கிலிருந்து போகும்? அந்தக் கணக்கில் அவள் பணம் எடுக்க முடியுமா? குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது? நடு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் வண்டி எடுத்துக்கொண்டு யார் வருவார்? எங்கள் வீட்டில் அதற்கு என் வீட்டுக்காரரும் பெரிய பையனும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

பேசுகிற நேரத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஓமான் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். கென்யா இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு எட்டரை என்றால் கென்யாவில் சாயங்காலம் ஆறு. அவர் வேலை முடிந்து கை கழுவுகிற நேரம் இங்கே குழந்தை தூங்கிவிடும். ஆகவே காலையில் பேசுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

ஆபத்து என்றால் யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓமானுக்கு மஸ்கட்டில் இந்தியத் தூதரகம். கென்யாவுக்கு நைரோபியில் இந்திய ஹை கமிஷன். நிர்க்கதியாக நிற்கிறவர்களுக்கு உதவ 2009லிருந்து இந்திய சமூக நல நிதி இருக்கிறது. நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. அதில் உறுப்பினராகச் சேர்ந்தால் விபத்து இன்ஷூரன்ஸும் எடுக்கலாம். கென்யா போல இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லாத நாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது அவசியம். ஆளை அனுப்ப ஏஜெண்டைத்தான் நம்ப வேண்டும் என்பதும் இல்லை. 1978ல் தமிழ்நாடு அரசே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

திரும்பி வந்த பின்

தம்பி ஒரு வருஷம் முடித்து நல்லபடியாகத் திரும்பினான். வீட்டுக் கடனில் பெரும்பாதி அடைந்தது. வந்த பத்தாம் நாள் குளிரும் காய்ச்சலும். "ஊர்த் தண்ணி ஒத்துக்கல, ஒரு மாத்திரை போட்டாச் சரியாயிடும்" என்று படுத்துக்கொண்டான். தம்பி மனைவி விடவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் வாய் திறக்குமுன், "கென்யாவுல இருந்து வந்து பத்து நாளாச்சுங்க" என்றாள். உடனே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மலேரியாதான். அதுவும் ஆப்பிரிக்காவில் அதிகமாகக் காணும், மூளையைப் பாதிக்கக்கூடிய வகை. சீக்கிரம் கண்டுபிடித்ததால் மருந்திலேயே குணமாயிற்று. இரண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று டாக்டரே சொன்னார்.

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவருக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும், முதல் மாசத்தில் முக்கியமாக, எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஓமானைவிடக் கென்யாதான் நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களுக்குக் கென்யா ஒத்து வந்தது. காரணம், முதலாளியின் வீடு எங்கள் ஊரிலேயே இருந்தது, ஏதாவது என்றால் வாசலில் போய் நின்று கேட்கலாம். ஏஜெண்டு செலவும் இல்லை. பதிவு பெற்ற ஏஜெண்டு, தெளிவான ஒப்பந்தம், வெயில் தாங்குகிற உடம்பு இவை இருந்தால், இன்னொரு குடும்பத்துக்கு ஓமானே சரியாக இருக்கும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். தரைக்குள் ஆயிரம் அடி இறக்குகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். நாடு எதுவானாலும் சரி, ஒப்பந்தத்தை வீட்டுப் பெண்ணும் ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும். கையெழுத்து அப்புறம் போட்டால் போதும்.